மாலைக் கூட்டத்துக்கு வந்த புலி

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தக் காட்டில் ஒரு புலி இருந்தது. அதனால் மற்ற மிருகங்கள் ஒற்றுமையாக ஓடி வந்தன என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த ஆண்டு கோடை பிறக்கும்போது காட்டுக்குள் ஒரு தும்மல் நோய் வந்தது. வௌவால்தான் கொண்டுவந்தது என்று ஒரு பேச்சு அடிபட்டது. வௌவால் தலைகீழாகத் தொங்கியபடியே மறுத்தது. முதலில் ஒரு கீரி தும்மியது. கீரியிடம் நலம் விசாரிக்கப் போனவை எல்லாம் தும்மின. கிழட்டுக் காட்டெருமை ஒன்று தும்மித் தும்மியே செத்துப்போனதும் காடு நடுங்கிவிட்டது.

காட்டின் தலைவியான யானை, பாறைமேல் ஏறி நின்று உத்தரவு போட்டது.

"இன்னையிலிருந்து அவங்கவங்க இடத்துலயே அவங்கவங்க இருக்கணும். மேயறதா இருந்தா வாசல்லயே மேயுங்க. ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் மேல படக் கூடாது. அடிக்கடி கையைக் கழுவுங்க."

"எனக்கு?" என்று கேட்டது பாம்பு.

யானை கொஞ்சம் யோசித்தது. "நீ வாயை மூடிக்கிட்டு இரு. அது போதும்."

கொஞ்ச நாள்தான் என்றது யானை. கொஞ்ச நாள் கழித்து, இன்னும் கொஞ்ச நாள்தான் என்றது. நோயை விரட்டுவதற்காக எல்லா மிருகங்களும் மாலையில் மரத்தைத் தட்டி ஓசை எழுப்ப வேண்டும் என்றும் சொன்னது. தட்டின. நோய் போகவில்லை. "இதைத்தானே நான் பொறந்ததுலேருந்து பண்றேன், எனக்கும்தான் தும்மல் வந்துச்சு" என்றது மரங்கொத்தி.

மூங்கில் புதருக்குள் செவ்வந்தி என்ற புள்ளிமான் தனியாக மாட்டிக்கொண்டது. உத்தரவு வந்த அன்று அதன் கூட்டம் ஆற்றுக்கு அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. இது மட்டும் இக்கரையில். கூட்டத்தோடு இருந்தால்தான் மானுக்கு மூச்சே சீராக வரும். பேச ஆளில்லாமல் செவ்வந்தி ஒரு குட்டை நீரில் தெரிந்த தன் முகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏறக் குட்டையும் வற்றிப்போனது.

அப்போது உதவிக்கு வந்தது அங்கமுத்து என்ற குரங்கு. சுற்றுலா வந்தவர்களிடம் பல வருஷமாகப் பறித்துச் சேர்த்த போன்கள் அதனிடம் ஒரு மரப்பொந்து நிறைய இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு வனத்துறை வைத்திருந்த சூரியத் தகட்டில் அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொரு மிருகத்தின் வாசலிலும் மேலிருந்து மெதுவாகப் போட்டது. பதிலுக்குப் பழம் கேட்கவில்லை. அதன் வாழ்நாளிலேயே அது முதல் முறை.

அன்றிலிருந்து தினமும் மாலையில் வீடியோவில் கூட்டம் கூடியது. பாதி நேரம் "நான் பேசறது கேக்குதா?" என்பதிலேயே போனது. மீதி நேரம் காட்டுப்பன்றி தன் முட்டி வலியைச் சொன்னது. கரடி தன் குட்டிகளின் சேட்டையைச் சொன்னது. செவ்வந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்தது. அதற்கு வெகுநாள் கழித்துப் பசி எடுத்தது.

தணிகாசலம் என்ற முயல் மட்டும் முகத்தைக் காட்டவில்லை. காட்டிலேயே விவரமான பிராணி அது. கேமராவையும் மைக்கையும் மூடி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கும். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

ஒரு நாள் கூட்டத்துக்குள் புதிதாக ஒரு முகம் வந்தது. முகம் பெரிதாக இருந்ததால் திரையில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. வீரையன் என்ற புலி.

புலியின் குகையிலும் ஒரு போன் கிடந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"எனக்கும் பொழுது போகலைங்க" என்றது வீரையன். "நானும் இருக்கலாமா?"

பன்றிக்கு உடனே நெட்வொர்க் போய்விட்டது.

"ஏங்க, போன்ல எப்படிங்க கடிக்க முடியும்?" என்றது புலி பாவமாக.

அதுவும் சரிதான் என்று அங்கமுத்து சேர்த்துக்கொண்டது. வெளியே வரத் தடை இருந்ததால் புலி குகைக்குப் பக்கத்து ஓடையில் நண்டு பிடித்துத்தான் வயிற்றைக் கழுவியது. "நண்டு தின்னு தின்னு, இப்பல்லாம் பக்கவாட்டுலதான் நடக்குறேன்" என்று அது சொன்னபோது பன்றியே சிரித்துவிட்டது. கரடிக்குட்டிகள் தூங்கப் புலி தாலாட்டுப் பாடியது. அந்தக் குரலைக் கேட்டு அவை தூங்கினவா, மயங்கினவா என்று தெரியவில்லை. செவ்வந்தியிடம் தினமும், "சாப்டியா தங்கச்சி? உடம்பைப் பார்த்துக்க" என்று கேட்டது.

ஒரு நாள் முயல் மானைத் தனியாகப் போனில் அழைத்தது. "செவ்வந்தி, புலியோட என்ன பேச்சு? அவன் உன்னை உடம்பைப் பார்த்துக்கன்னு சொல்றது உனக்காக இல்ல."

"தெரியும் தணிகாசலம். இருந்தாலும் அப்படிக் கேக்க வேற யாரு இருக்கா?"

திடீரென்று சில நாட்கள் புலி கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் செவ்வந்தியின் போன் அடித்தது. மறுமுனையில் இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம். நடுநடுவே தும்மல்.

"தங்கச்சி... வந்துடுச்சு. பயமா இருக்கு."

செவ்வந்தி பதில் சொல்வதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. விஷயம் முயலுக்கும் எட்டியது.

"நல்லதாப் போச்சு" என்றது முயல். "நீ ஒண்ணும் செய்ய வேணாம். போனை எடுக்காம இரு, போதும். காடே நிம்மதியாயிடும். புலி திருந்தினதா எந்த நீதிக்கதையிலாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அதுமட்டுமல்ல, முந்தின வருஷம் செவ்வந்தியின் அண்ணனைத் தின்றது இதே வீரையன்தான். எலும்பு கிடந்த இடம் செவ்வந்திக்குத் தெரியும். அந்தப் பக்கம் புல் நன்றாக இருந்தும் அது மேயப் போவதில்லை. போனைக் காலடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. அண்ணன் சாகும்போது பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் அதற்குத் திரும்பத் திரும்ப நினைவு வந்தது. அந்த மாதிரிச் சாவு யாருக்கும் வேண்டாம் என்று தோன்றியது, புலிக்குக்கூட.

கூப்பிட்டது.

"அண்ணே, குப்புறப் படுங்க. குகை வாசல்ல நிலவேம்பு முளைச்சிருக்கும் பாருங்க. கசக்கும், மென்னு முழுங்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

செவ்வந்திக்குத் தொண்டை கட்டியபோது பன்றி பேசியது. பன்றி களைத்தபோது குரங்கு பேசியது. கரடி ஒரு தேனடையைக் குகை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தது. இப்படி மாற்றி மாற்றி ஒரு குரல் புலியின் காதருகே இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் புலி, "பசிக்குது" என்றது. எல்லாம் ஆனந்தக் கண்ணீர் விட்டன. அப்புறம்தான் அந்த வார்த்தையின் பொருள் உறைத்தது.

மழைக்காலம் வந்தது. தும்மல் அடங்கியது. யானை தடையை நீக்கி, எல்லாரும் பாறைக்கு வந்து நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்றது. அக்கரை மான்கள் ஆற்றை நீந்திக் கடந்து வந்து செவ்வந்தியை முகர்ந்து முகர்ந்து பார்த்தன. கரடியும் பன்றியும் கட்டிக்கொண்டன.

அப்போது வீரையன் வந்தது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. ஒரு கால்கூட அசையவில்லை, நடுங்குவதைத் தவிர.

புலி பன்றியைப் பார்த்தது. தொடையைப் பார்த்தது. எச்சில் விழுங்கியது.

"முட்டி... எப்படி இருக்கு?"

"பரவாயில்லண்ணே."

புலி முகத்தைத் திருப்பிக்கொண்டு மானைப் பார்த்தது. "தங்கச்சி, போன்ல பார்த்ததைவிட நேர்ல நீ ரொம்ப..." என்று தொடங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டது. "சரி, அப்ப நான் கிளம்பறேன். எல்லாரும் நல்லா இருங்க." வாலைச் சுருட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் ஓட்டமாக ஓடியது.

விவரமான முயல் பாறைக்கு வரவில்லை. புலி வருகிற இடத்துக்குப் போவானேன் என்று, புலி வராத பாதையோரம் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. புலி அன்று ஓடி வந்தது அந்தப் பாதையில்தான்.

"யாரு நீ?" என்றது வீரையன்.

"அண்ணே, நான்தான், தணிகாசலம்! நம்ம கூட்டத்துல தினமும் இருந்தேனே!"

"உன்னைப் பார்த்ததே இல்லையே."

"ஓரத்துல ஒரு கறுப்புக் கட்டம் இருக்குமே, அது நான்தான்."

"அது நீயா? போன்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்." புலியின் முகம் தெளிந்தது. "உனக்கு முட்டி வலி ஏதாவது உண்டா?"

"இல்லண்ணே."

"குட்டிங்க?"

"இருக்குண்ணே, அதுங்களைப் பத்திச் சொல்றேன், கேளுங்க..."

"ஐயோ, சொல்லாதே!" என்று பதறிய புலி, கேட்டுவிடுவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட்டது.

மறுநாள் மாலைக் கூட்டத்தின் போன் குழுவில் முயலுக்கு இரங்கல் செய்திகள் குவிந்தன. முதலில் கைகூப்பியது வீரையன்தான். செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. நலம் விசாரித்துப் பழகாதவர்களைத்தான் புலி தின்கிறது என்ற செய்தி பரவியதும், இதுவரை குழுவில் இல்லாத ஆடு, கேளை மான், காட்டுக்கோழி, எலி எல்லாம் அங்கமுத்துவின் மரத்தடியில் போனுக்கு வரிசை கட்டின. கூட்டத்தில் எல்லா முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் தங்கள் உடல்வலிகளைப் புலியிடம் சொல்லின. வீரையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. நாளுக்கு நாள் மெலிந்தது.

மழை விட்ட ஒரு காலையில் எல்லா போன்களிலும் ஒரே அறிவிப்பு வந்திருந்தது.

'வீரையன் குழுவிலிருந்து வெளியேறினார்.'

நீதி: உன்னைத் தின்னக்கூடியவனிடம் தினமும் நலம் விசாரி. அவன் உன்னை விசாரிப்பதை நிறுத்திய அன்று, ஓடு.