ஏற்றத்துக்குக் கார், இறக்கத்துக்குச் சைக்கிள்

சின்னராஜ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி இந்த ஜென்மத்தில் மேட்டில் சைக்கிளை மிதிப்பதில்லை.

சைக்கிளையே விட்டுவிடுவது என்று நினைத்துவிடாதீர்கள். அதை எப்படி விடுவார்? வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருபத்தோரு கியர், முன்னாலும் பின்னாலும் டிஸ்க் பிரேக், கொழுந்து இலைப் பச்சை நிறம். டாக்டர் அவரைத் தினமும் நடக்கத்தான் சொன்னார். ஆனால் ஒரு டீ ஃபேக்டரி சூப்பர்வைசர் சும்மா நடந்தால் வேலை போய்விட்டதோ என்று நாலு பேர் நினைப்பார்களே! அதனால் கொஞ்சம் கவுரவமான வழியாகப் பார்த்துச் சைக்கிளைப் பிடித்தார்.

முதல் நாள் குன்னூருக்கு மேலே இருக்கும் குவார்ட்டர்ஸிலிருந்து பஜார் வரைக்கும் போனார். முழுக்க இறக்கம். மிதிக்கவே வேண்டியதில்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கம் பலூன் ஊதியது. தொந்தி, ரத்த அழுத்தம், ஃபேக்டரி மேனேஜர் எல்லாவற்றையும் மறந்து மனுஷன் பள்ளிக்கூடப் பையனாகிவிட்டார். பஜாரில் ஒரு டீ அடித்துவிட்டுத் திரும்பினார். மலை என்றால் என்னவென்று, மலையிலேயே பிறந்து வளர்ந்த சின்னராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் வளைவில் கியர் தீர்ந்தது. இரண்டாவது வளைவில் மூச்சுத் தீர்ந்தது. அதற்கு மேல் இறங்கித் தள்ளினார். தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க சார், பஞ்சருங்களா?" என்றாள்.

"ஆமாம்மா, பஞ்சர்" என்றார் சின்னராஜ்.

அடுத்த வளைவிலும் அதே கேள்வி, அதே பொய். அதற்கடுத்த வளைவில் யாரோ ஒரு புண்ணியவான் போன் போட்டுச் சொல்லி, பஞ்சர் ஒட்டுகிறவர் மொபெட்டில் பம்பும் பக்கெட்டுமாக வந்து நின்றார். இரண்டு டியூபையும் கழற்றித் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "சார், ரொம்ப நுணுக்கமான பஞ்சருங்க" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் சின்னராஜ் கேஸ் சிலிண்டர் ஆட்டோ ஒன்றில் ஏறி, சிலிண்டர்களுக்கு நடுவே சைக்கிளைக் கட்டிப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

வாசலில் அவர் மனைவி சசிகலா நின்றிருந்தாள். அவள் பஞ்சரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"ஏனுங்க, எறக்கத்துல போகையில எப்படி இருந்துச்சுங்க?"

"அதை ஏன் கேக்கற! பறக்கற மாதிரி இருந்துச்சு புள்ள."

"நானும் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

சின்னராஜ் சிரித்தார். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. சைக்கிளோடு கூடவே வந்துவிடுகிறது.

"உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"காரமடையில ஸ்கூலுக்கு சைக்கிள்லதானுங்களே போனேன். கவர்மென்ட் குடுத்த சைக்கிளு. எங்க வகுப்புல என்னைய முந்தறதுக்கு ஆளு கிடையாதுங்க. கல்யாணமாகி மேல வந்ததுக்கப்புறம் தொடவே இல்லைங்க."

"அது சமதரை. இது மலை. இது கியரு வண்டி வேற. இந்த ரோட்டுல பொம்பளைங்க சைக்கிள் ஓட்டிட்டுப் போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒரே ஒருக்காங்க."

"பாக்கலாம், பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்' சசிகலாவுக்குப் பழக்கமானதுதான். அவள் முகம் கொஞ்சம் வாடியது. சின்னராஜ் அதைக் கவனிக்கவில்லை. அவர் போனில் ஒரு வீடியோவைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் காரின் தலையில் சைக்கிளை நிறுத்திவைத்து மலை ஏறிக்கொண்டிருந்தார்.

"புடிச்சுட்டேன்!" என்று சின்னராஜ் துள்ளினார். "ஏறுறதுக்குக் காரு! எறங்குறதுக்கு சைக்கிளு! நம்ம காருக்கு ஒரு ரேக் வாங்கி மாட்டிட்டா முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை சைக்கிளை ரேக்குல போட்டு ஊட்டிப் பக்கம் ஏத்திக்கிட்டுப் போறோம். லவ்டேல் ஜங்ஷன்ல எறக்கறோம். அங்கிருந்து கேத்தி, அருவங்காடு, குன்னூர்னு ஒரே வழுக்கு!"

சசிகலா கண்ணை விரித்துக் கேட்டாள். "ரேக்குன்னா என்னங்க? எப்படிங்க நிக்கும்? காத்துல விழுந்துராதுங்களா?"

மனைவிக்கு இவ்வளவு ஆர்வம் வந்து சின்னராஜ் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவளும் வீடியோ பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கியது. அவள் ரேக் பார்த்தாள். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், "ஏனுங்க, வார் போட்டுக் கட்டறது நல்லதுங்களா, நட்டு போட்டு முறுக்கறது நல்லதுங்களா?" என்பாள். தனக்குத் தெரியாததையும் தெரிந்த மாதிரி விளக்குவதற்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சின்னராஜ் ஒரு சுற்றுப் பெருத்தார்.

சனிக்கிழமை சைக்கிளை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, இருவரும் காரில் செலஸ்டினின் கடைக்குப் போனார்கள். செலஸ்டின் கார்களுக்கு சீட் கவர், பாட்டு டப்பா, பொம்மை எல்லாம் மாட்டுகிறவர். அவரிடம் மூன்று விதமான ரேக் இருந்தது. காரின் தலையில் வைப்பது ஒன்று. பின்கதவில் வாரால் இழுத்துக் கட்டுவது ஒன்று. காருக்கு அடியில் கொக்கி வைத்து அதில் மாட்டுவது ஒன்று.

"தலையில வெக்கறதுதான் கம்பீரம்" என்றார் சின்னராஜ்.

"சார் ரசனையே தனி!" என்றார் செலஸ்டின். மூன்றில் விலை அதிகமானதும் அதுதான்.

"ஏனுங்கண்ணா, காரும் சைக்கிளும் சேந்தா என்ன ஒசரமுங்க?" என்று கேட்டாள் சசிகலா. "எங்க கார் ஷெட்டுத் தகரம் தாழ்வா இருக்குதுங்க. இவரு தூக்கக் கலக்கத்துல அப்படியே உள்ள உட்டுட்டாருன்னா?"

"என்னைய என்னன்னு நெனச்ச? ஞாபகம் இருக்காதா எனக்கு?"

"இருக்குமுங்க. தூக்கித்தான் பாருங்களேன் ஒருக்கா."

சின்னராஜ் தூக்கினார். சைக்கிள் இடுப்பு வரை ஒழுங்காக வந்தது. நெஞ்சு வரை முனகிக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் போனதும் மனம் மாறி, ஹேண்டில் அவருடைய குரங்குக் குல்லாயைக் கவ்விக்கொண்டு காதுவரை இழுத்தது. பெடல் தன் பங்குக்கு முதுகில் ஒன்று வைத்தது. செலஸ்டினும் சசிகலாவும் சேர்ந்து அவரைச் சைக்கிளிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

"கம்பீரம் கொஞ்சம் வெயிட்டா இருக்குதுங்க" என்றாள் சசிகலா.

கொக்கி ரேக்குக்கு வெல்டிங் வைக்க வேண்டும் என்றதும் அதுவும் கழிந்தது. பின்கதவு ரேக்கைச் சசிகலா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். நம்பர் பிளேட்டை மறைத்தால் போலீஸ்காரர் பிடிக்கமாட்டாரா என்று கேட்டாள். வார் நனைந்தால் தொய்யுமா என்று கேட்டாள். சைக்கிள் சீட்டைக் கொஞ்சம் இறக்கினால் பின்கண்ணாடி மறையாமல் இருக்குமா, அதை எப்படி இறக்குவது என்று கேட்டு, செலஸ்டினைச் செய்துகாட்டச் சொல்லிக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு தானே சைக்கிளைத் தூக்கி மாட்டி, தானே இறக்கியும் பார்த்தாள். இடுப்பு உயரம்தான். ஒரு சிரமமும் இல்லை.

"இதுல ஒரு சைக்கிள் மாட்டறது இருக்கு, ரெண்டு மாட்டறது இருக்கு" என்றார் செலஸ்டின். "ரெண்டு வாங்கிட்டா பின்னாடி உதவும்."

சின்னராஜின் மூளை மின்னலாக வேலை செய்தது. ரேக்கில் இன்னொரு இடம் சும்மா கிடந்தால் சசிகலா இன்னொரு சைக்கிள் கேட்பாள். அவள் கூட வந்தால் அவளுக்காக நின்று நின்று போக வேண்டும். பறக்கிற மனுஷனுக்கு அது சரிவராது.

"ஒண்ணு போதும்" என்றார் அவசரமாக. சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"ஆமாங்கண்ணா, ஒண்ணே போதுமுங்க. ஒரு சைக்கிள்தானுங்களே இருக்குது" என்றாள் அவள்.

சின்னராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நிஜமாகவே நெகிழ்ந்து, வழியில் அவளுக்கு சூடாக ஒரு பாக்கெட் வறுக்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது சசிகலாவும் சுடிதாரும் ஸ்வெட்டருமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "சும்மா வேடிக்கை பாக்க வர்றனுங்க" என்றாள். கார் ஏறியது. பின்னால் சைக்கிளின் சக்கரம் காற்றில் தானாகச் சுற்றுவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சின்னராஜ் பூரித்தார். லவ்டேல் ஜங்ஷனில் ஓரம் கட்டினார். ஹெல்மெட் போட்டார், கையுறை போட்டார், கறுப்புக் கண்ணாடி போட்டார். சைக்கிளை இறக்கி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறியும் உட்கார்ந்துவிட்டார். எதிரே சாலை பளபளவென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சசிகலா கார் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க."

"சீக்கிரம் கேளு."

"நீங்க சைக்கிள்ல போயிட்டீங்கன்னா, காரை யாருங்க கீழ கொண்டாருவாங்க?"

சின்னராஜ் வாயைத் திறந்தார். அப்படியே வைத்திருந்தார். பனி உள்ளே போனது.

"பூட்டிட்டுப் போயிரலாம்" என்றார் ஒருவழியாக. "நான் ஊட்டுல சைக்கிளை உட்டுட்டு, பஸ்ஸுல வந்து எடுத்துக்கறேன்."

"பஸ்ஸுலயுங்களா?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலைக்காரராக இருந்தாலும் பஸ்ஸில் ஏறினால் சின்னராஜுக்குக் குமட்டும். முதல் வளைவில் எலுமிச்சம்பழம் கேட்பார். இரண்டாவதில் ஜன்னல் கேட்பார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்தில் நின்றுகொண்டு வருவதை நினைத்ததும் அவருக்கு இங்கேயே தலை சுற்றியது.

"இத்தனை கேள்வி கேட்டியே புள்ள, இதை ஏன் முன்னாடியே கேக்கல?"

"நீங்க ரேக்கைப் பத்தித்தானுங்களே சொல்லிக் குடுத்தீங்க."

"ஒனக்குக் கார் ஓட்டத் தெரிஞ்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல."

"கத்துக் குடுங்கன்னு போன வருசம் கேட்டனுங்க. பாக்கலாம்னீங்க." அவள் காரிலிருந்து இறங்கினாள். காலில் கேன்வாஸ் ஷூ இருந்தது. "காரு எனக்கு வராதுங்க. சைக்கிள் வருமுங்க. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்த சைக்கிளு சும்மா திரும்பிப் போகலாமுங்களா?"

சின்னராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். உதவிக்கு யாரும் வருவதாகத் தெரியவில்லை. மெதுவாகச் சைக்கிளிலிருந்து இறங்கினார். ஹெல்மெட்டையும் கையுறையையும் கழற்றிக் கொடுத்தார். சசிகலா செலஸ்டின் காட்டின மாதிரியே சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். கறுப்புக் கண்ணாடியையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"பின்னாடியே வாங்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு இருக்காங்க?" என்று சொல்லிவிட்டு ஒரே உந்து.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைவுகளில் பதமாகப் பிரேக் பிடித்தாள். நேர்ச் சாலையில் விட்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தாள். கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு இடத்தில் 'ஹோ'வென்று கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து சின்னராஜ் கேட்டதில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருமையாகவும் இருந்தது. இண்டிகேட்டர் இரண்டையும் மினுக்கவிட்டு, இரண்டாவது கியரில், அவள் பின்னாலேயே அடக்கமாக உருட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பஸ், ஒரு கேரட் லாரி, எண்ண முடியாத டூரிஸ்ட் கார்கள் எல்லாம் ஹாரனைப் பிடித்தபடி ஊர்வலமாக வந்தன.

அருவங்காடு வரும்போது ஒரு வேன் சீறிக்கொண்டு அவரை முந்தியது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"காரு ஓட்ட வரலைன்னா சைக்கிள்ல போங்க சார்!"