நாள் முழுக்க ஒரே பந்தி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் நலம். அந்த ஒருவர் நான் என்பதுதான் பிரச்சினை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். தங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எனக்கோ தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு இல்லை. இப்படிப்பட்ட இரண்டு பேர் போனில் பேசுவதைவிடத் தபால் செலவு உத்தமம் என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக என் மூக்கு வழியே ஒரு குழாய் வயிற்றுக்குப் போகிறது. வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, தொண்டை ஆறும்வரை எல்லாம் குழாயில்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு ஸ்டாண்டு, அதில் தொங்குகிற ஒரு பை, பையில் வெளிறிய மஞ்சளில் கெட்டியான ஒரு பால், கீழே ஒரு சின்ன பம்பு. பால் வருகிற டப்பாவில் 'அதிகக் கலோரி, நார்ச்சத்து செறிவூட்டப்பட்ட முழுமையான திரவ உணவு' என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'வெனிலா சுவை' என்றும் போட்டிருக்கிறது. நாக்கையே பார்க்காமல் போகிற உணவுக்குச் சுவை எதற்கு என்று டயட்டீஷியன் பெண்ணிடம் சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "ஏப்பம் வந்தா நல்லாயிருக்கும்ல சார்" என்றாள். படித்த பெண், மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

தாங்கள் அறிவீர்கள், உத்தியோக காலம் முழுக்க நான் குடிநீர் பம்பு ஹவுசில் சூப்பர்வைசராக இருந்தவன். எத்தனையோ தொட்டிகளை நிரப்பிய என்னையே கடைசியில் தொட்டியாக்கி விட்டார்கள். பம்பைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். அதிகம் சத்தம் போடாத, கௌரவமான பம்புதான். ஆனால் வேகம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. என் வயிறு ஒரேயடியாக வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் சொட்டுச் சொட்டாக, காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு கண் அசருகிற வரைக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதாவது, மச்சான், நான் நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். பம்பு ஹவுசில் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்காரும்போதே, "என்ன சார், சாப்டாச்சா?" என்றார். 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்று எழுதிக் காட்டினேன். சரியென்று வெளியே ஒரு சுற்று போய்விட்டுப் பொழுது சாய வந்து மறுபடி கேட்டார். நான் சிலேட்டை அழித்திருக்கவே இல்லை, அதையே திருப்பிக் காட்டினேன். பாவம், மனுஷன் அதற்கப்புறம் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கை கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிடுவாள். இதைப் பதிபக்தி என்று தாங்கள் நினைத்துப் பெருமைப்பட வேண்டாம். நான் முதல் வாய் வைத்து முகத்தைச் சுளித்தால்தான் உப்பு கூடவா குறைவா என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்துத் தன் தட்டைச் சரிசெய்துகொள்வாள். இத்தனை வருஷம் நான் அவளுக்குச் சோதனைக் குழாய் மாதிரி இருந்திருக்கிறேன். போகட்டும். இப்போது என்ன ஆயிற்று என்றால், நான் முடித்தால்தானே அவள் ஆரம்பிப்பாள்? நான் முடிப்பதே இல்லையே! வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில் சமையலறைப் பக்கமிருந்து எந்தச் சத்தமும் இல்லாததைக் கவனித்துவிட்டு, 'நீ சாப்பிட்டாயா' என்று எழுதிக் காட்டினேன். "நீங்க முடிங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். 'இது எப்போது முடிவது' என்று எழுதினேன். பையை ஒரு பார்வை, பம்பில் மினுக்குகிற பச்சை விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவசரமில்ல, மெதுவா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பகீரென்றது.

அன்றிலிருந்து ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு சமையலறையைச் சோதனை போடுவதே என் உத்தியோகமாகிவிட்டது. சாதாரண வேலையா அது? ஸ்டாண்டின் சக்கரத்தில் ஒன்று எப்போதும் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும், குழாய் கதவுப் பிடியில் மாட்டும், மாட்டினால் மூக்கு இழுக்கும், மூக்கு இழுத்தால் கண்ணில் தண்ணீர் வரும், தண்ணீரோடு போய் நின்றால் அவள், "எதுக்கு இப்ப அழறீங்க?" என்பாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. பாத்திரங்கள் கவிழ்த்தது கவிழ்த்தபடி காய்ந்து கிடக்கின்றன. காய்கறிக் கூடையில் ஒரு வெங்காயச் சருகு. கழுவி வைத்த ஒரே ஒரு டம்ளர் மட்டும் ஈரமாக இருக்கிறது, தண்ணீரைக் குடித்தே காலத்தை ஓட்டுகிறாள் போலிருக்கிறது. ஆள் பாதியாக இளைத்துவிட்டாள் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. அதை எழுதிக் காட்டினால், "முதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்கிறாள்.

தொழில் தெரிந்தவன் சும்மா இருப்பானா? சாப்பாடு சீக்கிரம் முடிந்தால் அவளும் சீக்கிரம் சாப்பிடுவாள் என்பது எளிய கணக்கு. அவள் துணி காயப்போடப் போன நேரமாகப் பார்த்து, பம்பின் வேகத்தைக் கூட்டும் பட்டனை நன்றாக அழுத்திவிட்டேன். பை மளமளவென்று இறங்கியது. எனக்கும் திருப்தியாக இருந்தது, கொஞ்ச நேரம். அப்புறம் வயிறு பானை போல ஏறியது, உள்ளே என்னென்னவோ உருண்டது, பிறகு அந்த நார்ச்சத்து நாலைந்து நாள் வேலையை ஒரே மூச்சில் செய்து முடித்தது. ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடியவன் நிலைமையை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், தாங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம். டயட்டீஷியன் பெண் வந்து பம்பைப் பார்த்தாள். "யாரு இதைத் தொட்டது?" என்றாள். 'மின்சாரக் கோளாறு' என்று எழுதினேன். "இது பேட்டரியில ஓடுது சார்" என்றாள். தங்கள் தங்கை என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். இப்போது பட்டனுக்கு ரகசிய எண் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சூப்பர்வைசருக்கே பூட்டு!

கூட்டத்தானே முடியாது, நிறுத்தலாமே என்று ஒருநாள் குழாயை மடித்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். 'முடித்துவிட்டேன், நீ சாப்பிடு' என்று சிலேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். கௌரவமான பம்பு என்று சொன்னேனல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அடைப்பு என்று அதற்குத் தோன்றியதும் அது போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் ஏதோ லாரி ரிவர்ஸில் வருகிறது என்று நினைத்துத் தன் சைக்கிளை நகர்த்த ஓடினாராம். அவள் வந்து என் விரலைப் பிரித்துவிட்டு, குழாயில் தண்ணீர் ஏற்றி, பச்சை விளக்கு வந்ததும், "ஒழுங்கா சாப்பிடுங்க, சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதீங்க" என்றாள். சிலேட்டில் எழுதியதை அவள் படிக்கக்கூட இல்லை.

கடைசியாக டயட்டீஷியன் பெண்ணிடமே முறையிட்டேன். என்னை எடை போட்டுப் பார்த்து அவளுக்கு ஏக சந்தோஷம். "சூப்பர் சார், நல்லா ஏறியிருக்கீங்க" என்று சொல்லித் தங்கள் தங்கையைப் பாராட்டு பாராட்டென்று பாராட்டினாள். நான் சிலேட்டை நீட்டினேன். படித்துவிட்டுத் தங்கள் தங்கையிடம் திரும்பி, "அம்மா, இதை ஒரு சாப்பாடா எடுத்துக்கக்கூடாது. இது பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கும்" என்றாள்.

"வயித்துக்குத்தானே போகுது?"

"ஆமா."

"பசி அடங்குதா?"

"அடங்கும்மா."

"அப்ப சாப்பிடறார்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தன் பையைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு இருவரும் சமையலறைக்குப் போய் ஏதோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் தங்கள் தங்கையின் கட்சியில் சேர்ந்திருந்தாள். தாங்களே சொல்லுங்கள், இதற்கு மேல் நான் யாரிடம் போவேன்? ஆரம்பத்தில் இவள் இந்தப் பாலைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "உப்பே இல்ல" என்று உப்புப் போடப் போனதையும், டீ வடிகட்டியில் ஒரு டப்பாவை ஊற்றி, "நார்ச்சத்துன்னு போட்டிருக்கான், ஒரு இழைகூட இல்ல, ஏமாத்தறாங்க" என்று அந்தப் பெண்ணிடமே சண்டைக்குப் போனதையும் இருவரும் மறந்துவிட்டார்கள்.

வாய்விட்டு ஒரு அதட்டல் போட்டால் காரியம் நடந்துவிடும் என்று தாங்கள் சொல்வீர்கள். மெதுவாகப் பேசிப் பார்க்கலாம் என்று டாக்டரும் சொல்லித்தான் இருக்கிறார். நானும் ஒருநாள் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி, அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வந்தது என் குரல் இல்லை, மச்சான். வேறு யாரோ அவளைக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குரலை அவள் காதில் போட எனக்கு மனசு வரவில்லை, பயமாகவும் இருக்கிறது. எனக்குச் சிலேட்டு போதும்.

ஆனால் சிலேட்டில் அதட்ட முடியவில்லை என்பதே உண்மை. எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் அவள் மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போவதற்குள் எனக்கே கோபம் ஆறிவிடுகிறது. சின்ன வயதில் தாங்கள் கண்ணை ஒரு உருட்டு உருட்டினால் அவள் தட்டு காலியாகும் என்று தங்கள் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, அவளை எதிரில் உட்காரவைத்து, தட்டில் போட்டு, அவள் சாப்பிடுகிற வரைக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் இருக்க வேண்டும். நான் இந்தக் குழாயோடு இன்னும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருந்துவிடுவேன், எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அவள் பட்டினி கிடந்து நான் கொழுப்பது என்னால் தாங்க முடியாது. எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கடிதம் பம்பு சம்பந்தப்பட்ட தொழில்நுட்ப விஷயம் என்று அவளிடம் எழுதிக் காட்டி, கவரை ஒட்டி, தபால்பெட்டியில் போடக் கொடுக்கிறேன். பிரித்துப் பார்ப்பாளோ என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். எத்தனையோ கோபதாபம் இருந்தாலும், அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், வாயால் சொல்ல இயலாததால் எழுத்தில் அனுப்புகிறேன், அளவில் குறையாது. தங்கள் பயணம் சௌகரியமாக அமையட்டும்.

இப்படிக்கு,
சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நிலையில்,
தங்கள் அன்புள்ள மைத்துனன்.

பின்குறிப்பு: அண்ணா, பாப்பா எழுதறேன். கவரைப் பிரிச்சாச்சு. எப்பவுமே பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் திருப்பி ஒட்டுவேன், அது அவருக்குத் தெரியாது. நீங்க பதறாதீங்க, நான் பட்டினியெல்லாம் கிடக்கல. அவர் முடிச்சப்புறம் சாப்பிடறேன்னு சொன்னது சும்மா ஒரு சாக்கு. சமையல்கட்டுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவுல கதவு இல்ல. வீட்டுக்கு வந்த புதுசுல ஒருநாள் வெங்காயம் வதக்கினேன். அவர் ஒண்ணும் எழுதிக் காட்டல. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு எச்சிலை முழுங்கப் பார்த்தார், முடியல. அன்னிக்கு அணைச்ச அடுப்பு அண்ணா, இன்னும் பத்தவைக்க மனசு வரல. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி எனக்கும் சேர்த்து அதே டப்பாவ வாங்கிக்கறேன். அவருக்குப் பை மாட்டிட்டு நானும் உள்ள போய் ஒரு டம்ளர் குடிச்சுடுவேன். சத்தெல்லாம் கணக்கா இருக்காம், துணியெல்லாம் இறுக்கிப் பிடிக்குது. ஆனா வாயில வைக்க வழங்கல. என் சமையலையே அத்தனை குறை சொன்ன மனுஷனுக்கு இது மூக்கு வழியா போறது அவரோட நல்ல நேரம்.

இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாம். சுவரையே பார்த்துக்கிட்டுக் கிடந்தவர், என்னைக் கையும் களவுமா பிடிக்கணும்னு ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு வீடு முழுக்க நடக்கறார். நடங்க நடங்கன்னு டாக்டர் கெஞ்சினப்போ நடக்காதவர். அதனால நீங்க வர வேண்டாம். என்னைக் கடுமையா திட்டி அவர் பேருக்கு ஒரு லெட்டர் மட்டும் போடுங்க. என்னை யாராவது திட்டினா, அதைச் சிலேட்டுல எழுதிக் காட்டற பொறுமை அவருக்குக் கிடையாது, என்னை நிக்கவச்சு வாய்விட்டுப் படிச்சுக் காட்டித்தான் தீருவார். குரல் எப்படி இருந்தா எனக்கென்ன, கேட்டு ரொம்ப நாளாச்சு. கொஞ்சம் நீளமாவே திட்டுங்க அண்ணா.