முகமூடிக்குள் மூன்று பேர்

“மாஸ்டர், இந்த முகமூடியக் கழட்டினா உள்ளுக்கு ஆர் இருக்கிற?” என்று கேட்டாள் வதனி.

“நல்லரத்தினம்,” என்றார் உதயரூபன். “தேற்றாத்தீவுத் தபால் கந்தோரில முத்திரை குத்துறவன்.”

“அதுதான் பிரச்சினை.”

செட்டிபாளையத்தில் சித்திரம் படிப்பிக்கும் உதயரூபனுக்கு, இதில் ஒரு பிரச்சினை இருப்பது இருபது வருடமாகத் தெரியாது. நீர்க்காகம் அவர் படைத்த சித்திரக்கதை வீரன். கறுப்பு உடுப்பு, கறுப்பு முகமூடி. வாவிக்குள் மூச்சுப் பிடித்து மூழ்குவான். கள்ளன் எந்தக் கரையால் ஓடுகிறானோ அந்தக் கரையில் எழும்பி வீச்சுவலையை எறிவான். வீச்சுவலை விரிவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓரத்து ஈயக்குண்டுகள் முதலில் வெளியே பறக்கும். வலை அவற்றின் பின்னால் இழுபட்டு வட்டமாகும். அதைப் படமாகச் சரியாகக் கீறுவதற்காகவே உதயரூபன் குருக்கள்மடத்துக் கரையில் எத்தனையோ பின்னேரம் நின்றிருக்கிறார். கீறி முடித்ததும் தாளை யன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, பின்பக்கத்தால் பார்ப்பார். முன்பக்கத்தில் கண்ணுக்குப் பழகிப்போன கோணலைப் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

நீர்க்காகத்தின் கதைகளை வெளியிட்ட சிறுவர் சஞ்சிகை ஒரு நாள் நின்றுபோனது. வீரன் கட்டிலுக்குக் கீழே சூட்கேசுக்குள் படுத்துவிட்டான். அவனை ஒரு முழுப் புத்தகமாகக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் உதயரூபனின் ஆசை. இப்போது வதனி வேலை செய்யும் சிறுவர் நூல் நிறுவனம் அச்சிட முன்வந்திருந்தது. அதற்கு முன், நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சில பக்கங்களைக் காட்டியிருந்தார்கள்.

“ஒரு பிள்ளை படத்தத் தொட்டுப் பாத்திட்டு, ‘இவர் என்னைப்போல இல்ல’ எண்டு சொல்லிப்போட்டு மாஸ்டர்.”

“எந்தப் பிள்ளை?”

“தெரியாது. பெரிய மஞ்சள் மழைக்கோட்டு. ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டும் விளங்கல்ல. மூக்கும் ஒரு கையும்தான் வெளியில தெரிஞ்ச. ஒரு டொபி குடுத்து, ‘சோத்துக் கையால வாங்கணும்’ எண்டு பழக்கமும் சொல்லிக் குடுத்தன். மூஞ்சிய நீட்டிக்கொண்டு போயிட்டு.”

“எப்பிடி உன்னைப்போல இல்ல எண்டு கேட்டிருக்கலாமே?”

“சின்னப் பிள்ளையிட்ட அப்பிடியெல்லாம் கேட்டுச் சங்கடப்படுத்தப்படாது மாஸ்டர். நாமதான் விளங்கிக்கொள்ளணும். முஸ்லிம் பிள்ளையாத்தான் இருக்கும். எங்கட மேலதிகாரி சொல்லிட்டார், அந்தப் பிள்ளை ஓம் எண்டு சொன்னாத்தான் அச்சு. பழைய கதையெல்லாத்தையும் மாத்துங்க. முதல்ல இருந்தே அப்பிடித்தான் எண்டு வரணும்.”

உதயரூபனுக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. முகமூடி போட்ட வீரனில் உள்ள வசதியே அதுதான். கள்ளனைப் பிடிக்கும் இடமெல்லாம் அப்படியே இருக்கலாம்; வீட்டில் தேத்தண்ணி குடிக்கும் படங்களை மாத்திரம் மாற்றினால் போதும். ஒரு கிழமைக்குள் நல்லரத்தினம் காத்தான்குடி நெசவாளி றுஸ்தி ஆனான். முத்திரைக் கட்டை இருந்த இடத்தில் தறி வந்தது.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் மீராசாஹிப்பிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ்! தறி அச்சொட்டா இரிக்கி. ஆனா மாஸ்டர், இவன் வெள்ளிக்கிழம மத்தியானம் கள்ளனப் புடிச்சிக்கிட்டு நிக்கான். ஜும்ஆவுக்குப் போகல்லயா?”

உதயரூபன் யோசித்தார். கள்ளனை வேறு நாளுக்கு மாற்றினால் அடுத்த கதையில் வரும் சனிக்கிழமைச் சந்தை குழம்பும். ஆகவே வெள்ளி மத்தியானம் மட்டும் முகமூடியை நல்லரத்தினத்திடம் கொடுத்தார்.

செய்தி தேற்றாத்தீவுக்குப் போக ஒரு நாள்கூட எடுக்கவில்லை. இளைப்பாறிய பாடசாலை அதிபர் வினாயகமூர்த்தி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“உதயன், இருபது வருசமா எங்கட ஊர்ப் பொடியன் வீரனா இருந்தான். இப்ப வெள்ளிக்கிழம மத்தியானம் மட்டும் கூலிக்கு நிக்கிறானா?”

“இல்ல சேர், ரெண்டு பேரும் பங்காளிமார். சரிபாதி.”

சரிபாதி என்று வாய் சொல்லிவிட்டது. கை மறுபடியும் கீறியது. இரண்டு பேரும் முறைவைத்து முகமூடியை மாற்றிக்கொண்டார்கள். வதனி வந்து பார்த்தாள்.

“ரெண்டு பேரும் ஆம்பிளையள். அந்த மழைக்கோட்டுக்குள்ள இருந்தது பொம்பிளைப் பிள்ளையா இருந்தா?”

அப்படித்தான் வட்டையில் வேளாண்மை செய்யும் புஸ்பம் மூன்றாவது ஆளாக வந்தாள். இப்போது ஒரு முகமூடி, மூன்று தலை. ஆளுக்கொரு தலை அளவு என்பதால், முகமூடிக்குப் பின்னால் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு நாடா வைத்தார். அதை விளக்க ஒரு தனிப்பக்கமே கீறினார். அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெரிய சந்தோசம். மனைவி கேதீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

“மூண்டு பேர்ர வேர்வையும் இதுக்குள்ள. ஆர் கழுவுற?”

“அதையும் கீறத்தான் வேணும்.”

“புஸ்பம் கழுவுறா எண்டு கீறிட்டு வாங்க, இந்த வீட்ட சோறு தின்னுறதப் பாப்பம்.”

படத்தில் மூவரும் தத்தம் முறை முடிய அவரவரே கழுவினார்கள்.

கடைசிச் சிக்கல் முதலையால் வந்தது. எந்தக் கதையில் முகமூடிக்குள் யார் என்று பிரித்துக்கொடுக்க, எல்லாரும் உதயரூபன் வீட்டு விறாந்தையில் கூடியிருந்தார்கள். வலை எறியும் படங்களில் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வங்கிக் கொள்ளையைப் பிடித்த கதைக்கு றுஸ்திக்காக மீராசாஹிப்பும், நல்லரத்தினத்துக்காக வினாயகமூர்த்தியும், புஸ்பத்துக்காக வதனியும் போட்டி போட்டார்கள். பிறகு முதலைக் கதை வந்தது. அதில் நீர்க்காகம் முதலையைக் கண்டு, வலையைப் போட்டுவிட்டு ஓடி, தென்னை மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் கத்துவான். ஊரார் ஏணி கொண்டுவருவதற்குள் விழுந்தும்விடுவான்.

அந்தத் தாளை மூவரும் ஆளுக்காள் தள்ளிவிட்டார்கள்.

“அண்டைக்கு வெள்ளிக்கிழமதானே,” என்றார் மீராசாஹிப். “றுஸ்தி ஜும்ஆவுக்குப் பள்ளியில இரிக்கான்.”

“வெள்ளிக்கிழம எண்டா நல்லரத்தினத்துக்குக் கோயில்ல பூச,” என்றார் வினாயகமூர்த்தி.

இருவரும் வதனியைப் பார்த்தார்கள்.

“பொம்பிளை பயந்து மரத்தில ஏறினா எண்டு போட்டா என்ர வேல போயிரும்!”

“அந்தக் கதையத் தூக்கிருங்களன்,” என்றார் மீராசாஹிப்.

தூக்க முடியாது. மரத்திலிருந்து விழுந்ததால்தான் அடுத்த கதை முழுக்க நீர்க்காகம் நொண்டுகிறான். நொண்டுவதால்தான் வள்ளத்தில் போகிறான். வள்ளத்தில் போவதால்தான் கடத்தல்காரரைக் காண்கிறான். உதயரூபன் இதைக் கொப்பும் இலையுமாக விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, மரத்தில் ஏற ஒருவரும் முன்வரவில்லை. புத்தகம் மறுபடியும் கட்டிலுக்குக் கீழே போவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“அது நான்,” என்றார் உதயரூபன்.

“எது?”

“மரத்தில இருக்கிற. அண்டைக்கு முகமூடிய நான் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனன். பிறகு நொண்டுறதும் நான்தான்.”

மூவரும் ஒரே நேரத்தில் சம்மதித்தார்கள். அந்தக் கிழமை முழுவதிலும் எல்லாரும் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்தில்தான்.

“மாத்திக் கீறத் தேவையில்ல,” என்றாள் கேதீஸ்வரி. “கத்துற வாய் அப்பிடியே நீங்கதான்.”

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் மறுபடியும் பக்கங்களை மேசையில் பரப்பினார்கள். வெளியே மழை கொட்டியது. மஞ்சள் மழைக்கோட்டு தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தது. இந்த முறையும் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. கழற்றச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. உதயரூபனும் மீராசாஹிப்பும் வினாயகமூர்த்தியும் அலுமாரிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளை றுஸ்தியைப் பார்த்தது. நல்லரத்தினத்தைப் பார்த்தது. புஸ்பத்தையும், மரத்தில் கத்தும் மாஸ்டரையும் பார்த்தது. கடைசியில் நீர்க்காகம் வலை எறியும் பெரிய படத்தில் வந்து நின்றது.

“என்ன மனே,” என்றாள் வதனி மெதுவாக. “இப்ப இவர் உங்களைப்போலயா?”

“இல்ல.”

உதயரூபன் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வந்து, மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

பிள்ளை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனது. கண்ணாடியில் முன்பக்கத்தை ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தில் பின்பக்கத்தால் பார்த்தது. பிறகு மழைக்கோட்டுக்குள்ளிருந்து சிரித்தது.

“இஞ்ச பாருங்க மிஸ், இப்பிடிப் பாத்தா இவரும் என்னைப்போல இடக்கையாலதான் எறியிறார்.”