உத்தரவு நயினாரும் என் காதும்

காஞ்சிபுரத்தில் டெலிபோன் வைத்திருந்த அத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த தொல்லையை, உத்தரவு நயினார் ஒருவரே எனக்குக் கொடுத்தார்.

அவர் திருப்பருத்திக்குன்றத்து வக்கீல். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அறுபதுகளின் கடைசி; யார் யாரோடு பேசினாலும் இணைப்பு கொடுப்பது என் கைதான். நெசவாளர்களின் கூலிப் போராட்ட வழக்குகளை நயினார் எடுத்ததும், ஒரு போலீஸ் அதிகாரி வந்து, "அந்த வக்கீல் பேசறதைக் கேட்டு எழுதி வைப்பா" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். காகிதம் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நயினாருக்கு எப்படியோ மூக்கு வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து ஹலோவுக்குப் பதிலாக, "கேட்டுக்கினு இருக்கிறவரே, எழுத்துல உத்தரவு இருக்குதா?" என்றுதான் ஆரம்பிப்பார். மகள் கல்யாணம் பேசும்போதுகூட, "சம்பந்தி, கொஞ்சம் இருங்க, அவரு எழுதி முடிக்கட்டும்" என்பார். தும்மினால், "இதையும் எழுதிக்கப்பா. சீக்கிரம், பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்புடணும்." எனக்குக் கைதான் வலித்தது, அவருக்கு வாய் வலிக்கவே இல்லை.

ஒருநாள் தன் வழக்குக் கட்சிக்காரர் ஒருவரிடம், "ஐயம்பேட்டையில பஸ்ஸு ஏழரைக்கு. அதுல வந்துடுபா" என்றார். நான் தினமும் ஏறுகிற பஸ்! மூன்றாம் முறையும் ஏழரை என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏழே காலுங்க!" என்று கத்திவிட்டேன்.

"வந்தியா வழிக்கு!" என்றார் நயினார்.

மறுவாரமே முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எழுத்து உத்தரவு இல்லாமல் ஒட்டுக்கேட்பது சட்டவிரோதமாம். ஒரே சாட்சி நான். கோர்ட்டு வாசலில் அழாத குறையாக, "ஏன் சார் என் உசுர வாங்கறீங்க?" என்றேன்.

"கூண்டுல ஏறி உள்ளதைச் சொல்லுபா. வேற ஒண்ணும் வாணாம்."

"சொன்னா வேலை பூடும் சார். வீட்ல அவளுக்கு ஏழு மாசம்."

அவர் கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கூண்டில் ஏறுவதற்குள் நயினார் எழுந்து, "இந்த சாட்சி எனக்கு வேண்டாங்க" என்றார்.

"வேற சாட்சி இருக்குதா?" என்றார் நீதிபதி.

"இல்லீங்க."

வழக்கு தள்ளுபடி. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டு, ஜெயிக்கிற வழக்கைப் போய் இப்படித் தோற்பாரா ஒரு மனுஷர்?

மறுநாள் நயினார் வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்டார். இணைப்பைக் கொடுத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அதன்பிறகு அதிகாரிக்கு வெறும் தாள்தான் கிடைத்தது. நயினார் யாரிடம் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குரல் இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை என்பது மட்டும் தெரியும்.