எண்ணூர் வரை வாய் திறக்காதவள்

வெளியே சொன்னால் வெட்கக்கேடு. பிளஸ் டூ படிக்கும்வரை, வாயைத் திறந்தால் படித்ததெல்லாம் வெளியே போய்விடும் என்று நம்பியவள் நான். பத்தாம் வகுப்பில் ஒருநாள் பரீட்சை மணி அடிக்கும்வரை தோழியோடு அரட்டை அடித்தேன். உள்ளே போனதும் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து பரீட்சை நாளென்றால் விடிந்ததும் மௌன விரதம். (இட்லி எத்தனை என்று அம்மா கேட்டால் விரலைத்தான் காட்டுவேன்.)

வேதியியல் தேர்வன்று ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். தேர்வு மையம் திருவொற்றியூரில். குரல் கொடுத்தால்தான் ஷேர் ஆட்டோ நிற்கும். நானோ கண்ணை மூடிக்கொண்டு சமன்பாடுகளுக்குக் காவல் இருந்தேன். கண்ணைத் திறந்தால், திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்!

பதறிப்போய் டிரைவரின் தோளைத் தட்டி, ஹால் டிக்கெட்டை ஆட்டி, வந்த வழியைக் காட்டினேன். கண்ணீர் கொட்டியது, வாயை மட்டும் திறக்கவில்லை. இப்போது பேசினால் கெமிஸ்ட்ரி போச்சு!

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த ஓர் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஐய, பாவம்பா! பரீச்சைக்குப் போற புள்ள. வாய் பேச வராது போலகீது. வண்டியத் திருப்பு நைனா!"

மற்றவர்கள் முணுமுணுக்காமல் இறங்கி எனக்காக வழிவிட்டார்கள். அங்கேயே இறங்க வேண்டிய மீன்கார அம்மா மட்டும் துணைக்கு வந்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து புறப்பட்டு மையத்துக்குப் போனால் தேர்வு தொடங்கியிருந்தது. வாட்ச்மேன் மறித்தார்.

"வாய் பேசாத கொயந்தய வெளிய நிக்க வெப்பியா? உள்ள வுடுய்யா!" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் தேர்வு அதிகாரியே ஓடிவந்துவிட்டார்.

அவர் குனிந்து, கையால் சைகை காட்டி, "உதவிக்கு ஆள் வேணுமாம்மா?" என்றார். இனி வேறு வழியில்லை.

"வேணாம் சார். எனக்குப் பேச வரும்."

அதிகாரி சைகை காட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

"அடிப்பாவி! உன்னால என் மீனு நாறிக்கினு கீதுடி!" என்றார் மீன்கார அம்மா. பிறகு என் கண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டார். "செரி, அயுவாத. போய் நல்லா எய்து கண்ணு."

எழுதினேன். படித்தது அத்தனையும் இருந்தது. வராத ஒரே பதில், நான் படிக்காமல் விட்டது. பத்தாம் வகுப்பில் மறந்ததும் அப்படிப்பட்டதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் வீணாகப் பயந்திருக்கிறேனே என்று பாவமாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும், "இன்னா, எண்ணூர் போயிட்டியா?" என்பார்கள். பெண் பார்க்க வந்தபோது நான் பயத்தில் வாயடைத்து நிற்க, "பொண்ணு பேசாதா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"பேசும்மா. எண்ணூர் வரிக்கும் போயிருக்குது, இப்ப வந்துடும்" என்றார் அப்பா.

மாப்பிள்ளை விவரம் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். இன்னும் நிறுத்தவில்லை. "ஒரே ஒரு தபா எண்ணூர் போயிட்டு வாயேன்" என்று இப்போது அவர்தான் கெஞ்சுகிறார்.