ஏனுங்க என்றது பிரின்டர்

பேய்க்குப் பயமில்லை என்று மார்தட்டுகிறவர்களை நம்பாதீர்கள். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்த நானும் அப்படித் தட்டியவன்தான்.

எங்கள் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கவிதா அக்கா பிரசவம் முடிந்து அவிநாசியில் இருந்தார். ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு அவர்தான் லேபிள் அடித்துத் தர வேண்டும். சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பிவிடும். பச்சைக் குழந்தைக்காரியை அலைக்கழிக்க வேண்டாம், கம்பெனி லினக்ஸ் கம்ப்யூட்டரில் விபிஎன் போட்டு அவர் லேப்டாப்பை இங்கே இணைத்துவிடுகிறேன், வீட்டிலிருந்தே அடிக்கட்டும் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பேக்கிங் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மெஷின் ஓடாத கம்பெனி ஒரு மாதிரி இருக்கும். காற்றே இல்லாமல் பஞ்சுத் தூசி நகர்ந்தது. லேபிள் பிரின்டர் இருந்தது பேக்கிங் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணன் மேஜையில். அவர் போன மாதம்தான் இறந்துபோனார். அந்த நாற்காலியில் அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை.

இணைப்புக்கான கட்டளையைத் தட்டினேன். திரை வாயே திறக்கவில்லை. (வேலை நடந்துவிட்டால் லினக்ஸ் ஒன்றும் சொல்லாது என்று எந்தப் புண்ணியவானும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.) நாசமாய்ப் போச்சு என்று தலையில் கைவைத்தேன்.

பின்னால் கிர்ர்ரென்று சத்தம். பிரின்டர் தானாக ஓடி ஒரு லேபிளைத் துப்பியது. 'ஏனுங்க, இருக்கீங்களா?'

பழனிச்சாமி அண்ணன் தினமும் உள்ளே வரும்போது கேட்கிற அதே வார்த்தை! எங்கள் திருநெல்வேலிப் பேய் என்றால் 'ஏலே' என்று கூப்பிடும், பதிலுக்குத் திட்டிவிட்டு ஓடலாம். மரியாதை கொடுக்கிற பேயை என்ன செய்வது?

கம்ப்யூட்டரிடம் இணைப்பின் நிலவரம் கேட்டேன். சற்றுமுன் மறுமுனையோடு ஹேண்ட்ஷேக் ஆனதாகத் திரை சொன்னது. யார் கையோடு? பிரின்டர் மறுபடி துப்பியது: 'சத்தத்தையே காணோமுங்க?'

"இல்லீங்கண்ணா, கிளம்பிட்டேங்கண்ணா!" (என் வாயில் 'ங்க' வந்த முதல் நாள் அது.) மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, செல்போனைக்கூட எடுக்காமல் கேட்டுக்கு ஓடினேன்.

உள்ளே போகத் தைரியமில்லாமல் அங்கேயே நின்றிருந்தபோது கார் ஒன்று வந்து நின்றது. குழந்தையைத் தோளில் போட்டபடி இறங்கினார் கவிதா அக்கா.

"ஏனுங்க தம்பி, கனெக்‌ஷன் கிடைச்சிருச்சேன்னு டெஸ்ட்டுக்கு ரெண்டு லேபிள் அனுப்புனனே, பாக்கலீங்களா? அப்புறம் எல்லாமே கட்டாயிருச்சு, போனும் எடுக்கலை. ஷாக் அடிச்சு உளுந்துட்டீங்களோன்னு பதறி வந்தனுங்க!"

"டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுன்னு அடிக்க வேண்டியதுதானேக்கா!"

"எடுத்த எடுப்புல அப்படி அடிச்சா மரியாதையா இருக்குமுங்களா?"

யாரை அலைக்கழிக்கக் கூடாது என்றேனோ, அவரே உட்கார்ந்து அத்தனை லேபிளையும் அடித்தார். குழந்தையை நான் ஏந்திக்கொண்டு, அந்த நாற்காலிக்கு முதுகு காட்டாமல் நின்றேன். வெட்கக்கேடு.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவர்கள் வீட்டுக்கு நான் போகும்போது விருந்தாளிகள் யாராவது இருந்துவிட்டால் போதும், ஓடிவந்து அறிமுகம் செய்துவைப்பாள்: "இவருதானுங்க எங்க பேய் மாமா. பேயி வேற யாருமில்லீங்க, எங்கம்மாதானுங்க!"