வட்டத்துக்குள் நின்ற கன்னி

அட்சரச் சித்தர் இரண்டாம் முறை வந்த அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: குடும்பத்தில் மூத்தவனாகிய நான், என் தம்பி உமாசங்கர், தம்பி மனைவி மங்களேஸ்வரி, அவர்கள் மகள் அபர்ணா, ஓய்வுபெற்ற ஏட்டு சுடலைராஜ், அவருக்குப் பின்னால் தெருவில் பாதி. நடுவில் மேசை, மேசைமேல் லேப்டாப், லேப்டாப்பின்மேல் எலுமிச்சம்பழம், அதன் எதிரே சித்தர்.

சித்தரின் பெயர் கோமதிசங்கர். குற்றாலத்தில் இருக்கிறார். சீசனில் ஐந்தருவியில் குளித்த கூட்டம் ஈரத் துண்டோடு அவர் அறை வாசலில் வரிசையில் நிற்கும். கையில் தேங்காய் பழம் இல்லை, செல்போன். திரையில் எழுத்து கட்டம் கட்டமாக வந்தாலும், கன்னாபின்னாவென்று வந்தாலும் அது முன்னோர் எழுதுவது, தம்மால் மட்டுமே படிக்க முடியும் என்பது அவர் அறிவிப்பு. வேறு யாராலும் படிக்க முடியாததைப் படிப்பவரிடம் தவறு கண்டுபிடிக்க ஆள் ஏது? வசதியான தொழில்.

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை இது. எங்கள் பூட்டனார் சிவசைலம், தெரு தண்ணீருக்குத் தவித்த காலத்தில் சொந்த நிலத்தில் கிணறு வெட்டிக் கொடுத்தவர். தென்காசியில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற பெயர் அந்தக் கிணற்றிலிருந்து வந்தது. அவர் வரலாற்றை எழுதி அபர்ணாவிடம் கொடுத்தேன். அவள் அப்போதுதான் இணையப் பக்கம் செய்யப் பழகிக்கொண்டிருந்தாள். ஏற்றினாள். சென்னையிலிருந்து துபாய் வரை சொந்தங்களுக்கெல்லாம் முகவரி போயிற்று.

எல்லாரும் திறந்து பார்த்தார்கள். தலையில் கோடு விழுந்த ஆங்கில a, அடுத்து வட்டத்துக்குள் ஒரு R, மறுபடி கோடு, மறுபடி வட்டம். தமிழ் ஓர் எழுத்து இல்லை.

மங்களேஸ்வரி நேரே குற்றாலம் போய்ச் சித்தரைக் காரில் கூட்டி வந்தாள். அது முதல் வருகை. அவர் சூடம் கொளுத்தித் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"வட்டம் தெரியுதா ஆச்சி? அது கிணறு. உள்ள ஒருத்தி கால நீட்டிக்கிட்டு நிக்கா. பக்கத்துல தலைக்கு மேல கோடு இருக்குல்லா, அது ஓங்குன அருவா."

"எங்க பூட்டனார் வெட்டின கிணறு ஒண்ணு உண்டு சாமி," என்று மங்களேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள்.

"அதத்தான் சொல்லுதேன்," என்றார் சித்தர்.

தீர்ப்பு வந்தது. பூட்டனார் ஒரு கன்னிப் பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கொன்றவர். பரிகாரம்: பங்குனி உத்திரத்தன்று, சொந்தமெல்லாம் சாஸ்தா கோயிலில் கூடியிருக்கும்போது, நான் எழுந்து நின்று என் பூட்டனார் கொலைகாரர் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். கன்னிக்கு ஒரு பட்டுச்சேலை. அதைச் சித்தரே கொண்டு சேர்ப்பார். எந்த முகவரியில் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தெருவில் ஒருவரும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடித்த தண்ணீர் ஒரே இரவில் கொலைத் தண்ணீர் ஆகிவிட்டது.

அபர்ணா மட்டும் என்னிடம் வந்தாள். "பெரியப்பா, தப்பு எம்மேலதான். இது என்ன முறையில சேமிச்ச எழுத்துன்னு பக்கத்தோட தலைப்பகுதியில ஒரு வரி எழுதணும். விட்டுட்டேன். அது இல்லாததுனால பிரவுசர் அதுவா ஒண்ண நெனச்சிக்கிட்டுக் காட்டுது. அம்மாட்ட சொன்னா, வாய மூடுட்டீன்னுட்டா. இப்பவே சேத்துருதேன்."

"சேக்காத," என்றேன். "சரியா வந்துட்டா, கன்னி மனசு எறங்கிட்டான்னு சொல்லுவான். பூட்டனார் கொலைகாரராவே இருப்பாரு. அந்த வரி இல்லாம இன்னொரு பக்கம் செய்யி. தமிழ்ல எதையாவது எழுது."

"எத எழுத?"

"பூட்டனார் பேரு மட்டும் அதுல வரக்கூடாது."

சேலை வாங்கிப் போகச் சித்தர் மறுபடி வந்தார். சேலை அவர் பைக்குள் போகும்வரை காத்திருந்து, புதிய பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

"இதுவும் பூட்டனார் சமாச்சாரமா அண்ணாச்சி?"

"படிக்கத் தெரிஞ்சவரு நீங்க. நீங்கதான் சொல்லணும்."

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். "அதே வட்டம். அதே அருவா. அவளேதான். இந்தா, வயசும் எழுதிருக்கா பாருங்க, பதினஞ்சு."

திரையில் எண்கள் மட்டும் எண்களாகவே வந்திருந்தன. கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"கீழ நூத்தி இருவதுன்னு ஒண்ணு கெடக்கே. அது யாரு வயசு?" என்றேன்.

"அது வயசில்ல அண்ணாச்சி. சாபம் நிக்கிற வருசம்."

"எழுத்துல சந்தேகம் ஒண்ணும் இல்லையே?"

"கன்னி பொய் சொல்லமாட்டா."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்லா? அபர்ணா, வரியச் சேரு."

எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அவள் ஒரு வரி தட்டினாள். சேமித்தாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். வட்டங்கள் போயின, தமிழ் வந்தது. சுடலைராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்லும் குரலில் வாசித்தார்.

"நம்பிராஜன் பரோட்டா கடை, புளியறை. பரோட்டா பதினஞ்சு. ஆம்லெட் இருவது. நாட்டுக்கோழி வறுவல் நூத்தி இருவது."

சைவக் குடும்பமான எங்கள் கூடத்தில் நாட்டுக்கோழி நுழைந்தது அதுவே முதல் முறை. புளியறை வழியாகக் கேரளா போய்வந்தபோது கடைப்பலகையை போட்டோ எடுத்து வைத்திருந்ததாகவும், அதைப் பார்த்து எழுதியதாகவும் அபர்ணா சொன்னாள். அந்த வரி இல்லாவிட்டால் தமிழில் எதை எழுதினாலும் இதே வட்டமும் இதே கோடும் வரும் என்றாள். அடுத்து பூட்டனார் பக்கத்திலும் அதே வரியைச் சேர்த்தாள். நான் எழுதிக் கொடுத்தது எழுத்துப் பிசகாமல் வந்தது. கிணறு இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

சித்தர் தொண்டையைச் செருமினார். "கோழியும் ஒரு உசுருதான அண்ணாச்சி."

"சேலைய வச்சிட்டுப் போங்க," என்றேன். வைத்தார். போனார்.

மங்களேஸ்வரி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். பின்னால் மற்றவர்களும் போனார்கள். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் நான் எழுந்து நிற்கத்தான் செய்தேன். பூட்டனார் வரலாற்றை முழுதும் வாசித்துவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது செங்கோட்டைப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சித்தர் படித்தது பொய் இல்லையாம். புளியறைக் கடைக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறதாம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அதில் செத்தாளாம். இரண்டு பஸ் நிறைய ஆட்கள் போய்க் கடை வாசலில் சூடம் கொளுத்திவிட்டு வந்திருக்கிறார்கள்.

அந்தக் கடைக்குப் பின்னால் கிணறே கிடையாது. நான் நம்பிராஜனைக் கேட்டேன். குழாய்த் தண்ணீர்தான். அதை அவரிடம் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.